வருகிற தை மாதம் கட்டாயம்

1914இல் தொடங்கிய பெரிய யுத்தம் நடந்த காலத்தில் நான் ஜோகூரில் உளவு அதிகாரியாக இருந்தேன் என்று சொன்னால் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் தொந்தியையும் மூக்குக்கண்ணாடியையும் தினமும் பார்க்கிறவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? துப்பாக்கி ஒன்றும் என்னிடம் இல்லை. ஒரு கெண்டி இருந்தது. கெண்டியில் தண்ணீர் கொதிக்கும்போது அதன் மூக்கு வழியாக வருகிற ஆவியில் கடித உறையைக் காட்ட வேண்டும். பசை இளகும். பிரித்து, படித்து, மறுபடி ஒட்டி அனுப்ப வேண்டும். யுத்தத்தில் நான் செய்த வீரச்செயல் இவ்வளவுதான். மீந்த தண்ணீரில் காப்பி போட்டுக் குடித்தேன்.

அந்தக் கெண்டியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதரைச் சிறைக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு அவரை வெளியே கொண்டுவர நாய் படாத பாடு பட்டேன். இத்தனை வருஷம் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். இப்போது வயதாகிவிட்டது, முடியோடு சேர்ந்து வெட்கமும் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது.

நான் காவிரி பாய்கிற பக்கத்துக்காரன். சின்ன வயதிலேயே இலக்கணத்தைத் தலைகீழாக ஒப்பிப்பேன். ஊரில் பண்டிதர் என்று கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தவர்கள் வேலை கொடுக்கவில்லை. நானே ஒரு அகராதி எழுதுவது என்று உட்கார்ந்து, உயிரெழுத்துகள் முடிவதற்குள் கல்யாணம் செய்துகொண்டேன். ஜோகூரில் ரப்பர்த் தோட்டத்துத் துரைமார்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் எழுதியபோது, மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் எனக்கு உப்பு அதிகமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. மனைவியிடம், "ஒரு வருஷம்தான். வர்ற தையில வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன்.

துரைமார்களுக்கு வேண்டியிருந்தது வா, போ, வெட்டு, ஒழுங்காக வெட்டு என்கிற நாலு வார்த்தை. நான் கொடுத்தது சுத்தமான செந்தமிழ். கொச்சையாக ஒரு சொல் காதில் விழுந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. என் மாணவர்களில் உருப்படியாகக் கற்றவர் கூலாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் உதவி மானேஜரான சின்னத் துரை. ஒருநாள் விடியற்காலை, ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஆடவரும் மகளிரும் தத்தம் மரங்களை நோக்கி விரைந்து ஏகுவீராக" என்று முழங்கினார். ஒருவரும் நகரவில்லை. வேதக்காரர்களான கிறிஸ்தவக் குடும்பத்தார் சிலர் ஜெபம் ஆரம்பமாகிறது என்று கைகூப்பினார்கள். கங்காணி வந்து "போங்கடா" என்ற பிறகுதான் கூட்டம் கலைந்தது. இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்கு என் மாணவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மனைவிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினேன். பிற்காலத்தில் என் கடிதங்கள் அச்சேறும் என்ற எண்ணத்தில், ஒவ்வொன்றையும் ஒரு தடித்த நோட்டில் நகல் எடுத்து வைத்தேன். அவளுக்கு எழுதத் தெரியாது என்பதால் பக்கத்துவீட்டுப் பெண்தான் பதில் எழுதுவாள். பதிலின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "எந்தத் தேதி என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன்." தேதியை மட்டும் நான் எழுதியதில்லை. இங்கே துரைமார்கள் நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு வணக்கம் சொன்னார்கள். அங்கே போனால் மறுபடி வேலையில்லாத மருமகன். இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

யுத்தம் வந்தது. என் சின்னத் துரை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஜோகூர் பாருவில் கடிதத் தணிக்கைக்குப் பொறுப்பானார். வந்த கையோடு எனக்கு ஆள் அனுப்பினார். அலுவலகம் என்பது கடலோரத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடி. கீழே எப்போதோ வைத்திருந்த மிளகின் நெடி தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வரும். எதிரே நீரிணை, அதற்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். துரை எழுந்து நின்று, "பண்டிதரே, பகைவர் எங்கும் உளர். தாங்கள் எம்மோடு இருத்தல் வேண்டும்" என்றார். நான் சொல்லிக்கொடுத்த தமிழ். அதில் கேட்டால் எமன் கூப்பிட்டாலும் நான் போயிருப்பேன்.

தோட்டங்களிலிருந்து ஊருக்குப் போகிற தமிழ்க் கடிதங்கள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. பகைவரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். முதல் ஆறு மாதத்தில் நான் கண்டுபிடித்த ஒரே சதி, ஒருவன் இரண்டு ஊரில் இரண்டு பெண்ணுக்கு ஒரே மாதத்தில் நிச்சயம் செய்திருந்தது. அதையும் துரை மேலே அனுப்பவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறோம் என்ற குறுகுறுப்பு எனக்கு. நியாயஸ்தனுக்கு வரக் கூடாத வியாதி அது.

அடுத்த தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால், துரை முன்பு வேலை பார்த்த அதே கூலாய் தோட்டத்திலிருந்து ஒரே பையில் முப்பத்தொரு கடிதம் வந்தது. பிரித்துக்கொண்டே போனேன். ஐந்தாவது கடிதத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பத்தொன்றும் ஒரே கையெழுத்து. அனுப்புகிறவர் வேறு, ஊர் வேறு, பெறுகிறவர் வேறு. நடுவில் இருந்ததெல்லாம் ஒன்றேதான்: "நாங்கள் இங்கு சுகம். வருகிற தை மாதம் கட்டாயம் புறப்பட்டு வருகிறோம். கவலைப்பட வேண்டாம். மற்றவை நேரில்." இரண்டு கடிதத்தில் மட்டும் தை மாதத்துக்குப் பதிலாக ஈஸ்டர் என்று இருந்தது.

படித்தவன் கையில் காகிதம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அறிக்கை உதாரணம். பதினான்கு பக்கம் எழுதினேன். முப்பத்தொரு குடும்பம் ஒரே மாதத்தில் புறப்படுவதென்றால் கப்பல் பேசி முடித்தாகிவிட்டது என்று எழுதினேன். யுத்தத்துக்கு ரப்பர் வேண்டும், தோட்டத்தைக் காலி செய்து உற்பத்தியைக் கெடுப்பதே நோக்கம் என்று எழுதினேன். 'மற்றவை நேரில்' என்பது எழுத்தில் வைக்க முடியாத இரகசியம் இருப்பதற்குச் சான்று என்றேன். ஈஸ்டர் என்பது இரண்டாம் அணி புறப்படும் நாள் என்றேன். எல்லாவற்றையும் ஒருவரே எழுதியிருப்பதால் அவரே தலைவர். அவர் யார் என்று விசாரித்தால் தோட்டத்துச் சாமான் கடைக்காரர், நாகப்பட்டினத்துப் பக்கத்து முஸ்லிம். கப்பல் பழக்கமுள்ள கரையோரத்து மனிதர். சங்கிலியின் கடைசிக் கண்ணியும் மாட்டிக்கொண்டது என்று குதூகலித்தேன்.

துரை அறிக்கையைப் படித்துவிட்டு, "மிக நன்று, பண்டிதரே. இச்சதியாளரை இன்றே சிறைசெய்விப்பேன்" என்றார். சாயங்காலமே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பத்து நாளில் அவரைச் சிங்கப்பூருக்கு ஏற்றி, அங்கிருந்து யுத்தம் முடிகிறவரை எங்கோ ஒரு தீவில் வைப்பதாக ஏற்பாடு. நான் அந்தப் பாராட்டையும் நோட்டில் நகல் எடுத்துக்கொண்டேன்.

மீதிச் சதியாளர்களைக் கண்டுபிடிக்க என்னையே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். மாறுவேடத்தில். ஜவுளி வியாபாரி மாதிரி தலையில் முண்டாசு, தோளில் சேலை மூட்டை. ரயிலில் கூலாய் போய் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் தோட்டத்து லயத்துக்குப் போனேன். ரப்பர்ப் பால் எடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு ஆட்கள் திரும்பியிருந்த மத்தியான வேளை. வரிசை வீட்டின் முதல் வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பால்வெட்டுக்காரி கத்தியைச் சாணை தீட்டிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"துரைக்குத் தமிழ் சொல்லிக் குடுத்த வாத்தியாருதானே நீங்க?"

"இல்லம்மா, நான் சீலை வியாபாரி."

"அப்ப அந்த மூக்குக்கண்ணாடிய கழட்டிட்டு வந்திருக்கலாம்லா. உக்காருங்க. தண்ணி குடிங்க."

என் மாறுவேடம் ஒரு மிடறு தண்ணீரில் முடிந்தது. வேறு வழியில்லாமல் கேட்டேன். தையில் எல்லோரும் ஊருக்குப் புறப்படப் போகிறீர்களாமே?

"யாரு சொன்னா?"

"கடிதத்துல அப்படித்தானே எழுதியிருக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "வாத்தியாரே, அது எப்பவும் எழுதுறதுதானே. நான் இங்க வந்து பதிமூணு வருசம். பதிமூணு தடவையும் தையில வர்றேன்னுதான் எழுதியிருக்கேன். எங்க போனேன்? வர மாட்டேன்னா எழுத முடியும்? அதுக்கா நானாவ புடிச்சிட்டுப் போனாங்க?"

நானா என்பது கடைக்காரர். நாகப்பட்டினத்துப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறை. தோட்டம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் கூட்டம் கூடிவிடும் என்று அவள் சொன்னாள். தீபாவளி சமயத்தில் சமாளிக்க முடியாது. அதனால் நடுப்பகுதியை முன்கூட்டியே இருபது, முப்பது காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஆள் வந்ததும் பெயரையும் ஊரையும் மட்டும் நிரப்பித் தருவார். நான் கண்டுபிடித்த தலைமறைவுக் கப்பல், சாமான் கட்டுகிற நேரத்துக்கு நடுவே ஒரு மனிதர் வேலையைச் சுலபமாக்கிக்கொண்டதுதான். சேலை ஒன்றும் விற்கவில்லை. ஒருத்தி மட்டும் சாயம் போகுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் லாக்கப்புக்குப் போனேன். மலாய்க்காரப் போலீஸ்காரர் கதவைத் திறந்துவிட்டார். நானா பாயில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இருமிக்கொண்டே எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"வாங்க. கடையில உளுந்துல வண்டு விழுந்திருக்கும். யாராச்சும் வெயில்ல காய வச்சாங்களா, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். கடிதங்களைப் பற்றிக் கேட்டேன். அதிகாரத் தோரணை குரலில் தங்கவில்லை.

"அவங்க சொல்றத எழுத முடியாதுங்க. வந்து உக்காருவாங்க, அம்மாவுக்குன்னு சொல்லுவாங்க, அப்புறம் அழுவாங்க. அழுவுறத எப்படி எழுத? அதான் தை மாசம்னு போட்டுருவேன்."

"ஏன் தை?"

"அறுப்பு முடிஞ்சு வீட்டுல நெல்லு இருக்கும். காத்துக்கிட்டு இருக்குறதுக்கு நல்ல மாசம். வேதக்காரங்களுக்கு மட்டும் ஈஸ்டர்னு போடுவேன், அவங்களுக்கு அதுதான் தோது."

என் இரண்டாம் அணியும் இப்படிக் கலைந்தது. நீங்கள் வீட்டுக்கு என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

"நான் எழுதுறதில்ல. மூணு வருசத்துக்கு ஒருக்கா போயிட்டு வந்துர்றேன். இந்தத் தடவையும் போவணும்னுதான் இருந்தேன். யாரோ பெரிய படிப்பாளி ஒருத்தரு கடுதாசி எல்லாம் படிச்சு என்னமோ கண்டுபுடிச்சாராம். இனி எங்க போறது."

"அது நான்தான் நானா."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "உங்களுக்கு ஊருல யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"மனைவி இருக்கிறாள்."

"அவங்களுக்குக் கடுதாசி எழுதுவீங்கதானே? என்ன எழுதுவீங்க?"

நான் எழுந்து வந்துவிட்டேன். கடற்கரையோரமாக நடந்தேன். அந்த வரி எனக்குத் தெரியாத வரியா? நாலு வருஷமாக நானே எழுதி வருகிற வரி. என்னுடையது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். "தைத்திங்கள் பிறந்ததும் தவறாது புறப்பட்டு வந்து நின் முகம் காண்பேன்." நடை உயர்ந்தது என்பதால் பொய்யும் உயர்ந்தது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. முட்டாள்களில் எத்தனையோ வகை. இலக்கணம் படித்த முட்டாள் தனி ரகம்.

துரையிடம் போய், அறிக்கை தப்பு, ஆளை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பண்டிதரே, தங்கள் அறிக்கை சிங்கப்பூர் சென்று புகழும் பெற்றது. அதனைத் தாங்களே மறுப்பீராயின் தக்க சான்று வேண்டும்."

பால்வெட்டுக்காரி சொன்னதைச் சொன்னேன். அவள் சதியில் ஒருத்தி, அவள் வாக்கு செல்லாது என்றார். நானா சொன்னதைச் சொன்னேன். அவர் கைதி. சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒருவர், இந்த வாக்கியத்தை எழுதியவர், எழுதும்போது வருகிற எண்ணமே இல்லாதிருந்தவர், அப்படி ஒருவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் பரிசீலிக்கலாம் என்றார். அப்படி யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொன்னார். நானாவை ஏற்றிப்போக இருந்த கப்பலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

வீட்டுக்குப் போய்த் தடித்த நோட்டை எடுத்து வந்தேன். அச்சேற வேண்டிய நோட்டு. நாலு வருஷத்துக் கடிதங்களில் அந்த வாக்கியம் வருகிற இடங்களை எல்லாம் நீலப் பென்சிலால் கோடிட்டேன். பிறகு துரையின் மேசை முன்னாலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். என் மனைவிக்கு நான் எழுதிய கொஞ்சல், பொய், சாக்குப்போக்கு எல்லாம் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. அடியில் வாக்குமூலம் எழுதினேன். இந்த நாட்டுக்கு வந்த தமிழர் ஊருக்கு எழுதும் கடிதத்தில் தை மாதம் வருகிறோம் என்று எழுதுவது வழக்கம். எழுதுகிறவருக்கு வருகிற எண்ணம் கிடையாது. கீழே கையெழுத்திட்டிருக்கும் எனக்கும் ஒருபோதும் இருந்ததில்லை.

ஒருபோதும் இருந்ததில்லை என்று எழுதி முடித்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. அதுவரைக்கும் அடுத்த வருஷம் போய்விடலாம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். துரை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதனைத் தங்கள் மனைவியார் அறிவாரா?"

"அறியார்."

"கவலற்க. அலமாரியில் கிடக்கும். எவரும் படியார்." பிறகு ஒரு முத்திரையைக் குத்தினார்.

நானா வெளியே வந்தார். ஆனால் அரசாங்கத்துக்கு மூக்குடைந்ததை மறைக்க ஏதாவது ஒன்று வேண்டுமே. இனிமேல் அவர் பிறருக்காகக் கடிதம் எழுதக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கொண்டுபோய்க் கடையில் விட நானும் கூடப் போனேன். உளுந்து முழுக்க வண்டு. கடை வாசலில் கூட்டம் காத்திருந்தது. பால்வெட்டுக்காரி முன்னால் வந்தாள்.

"நானா கையக் கட்டிப்போட்டது நீங்க. அப்ப நீங்கதான் எழுதணும்."

நியாயமாகத்தான் பட்டது. ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய்ச் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினேன். முதல் வாரம் ஒவ்வொருவரிடமும் என்ன எழுதட்டும் என்று அக்கறையாகக் கேட்டேன். அம்மாவுக்கு என்றார்கள், அப்புறம் அழுதார்கள். நாலாவது ஆளுக்கே தை மாதம் போட ஆரம்பித்துவிட்டேன். நானா எதிரே பருப்பு நிறுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். திங்கட்கிழமை அதே கடிதங்கள் என் மேசைக்கு வரும். நான் எழுதியதை நானே ஆவியில் காட்டிப் பிரித்து, நானே படித்து, சந்தேகம் ஒன்றுமில்லை என்று நானே முத்திரை குத்தினேன். சாம்ராஜ்யம் இப்படித்தான் காப்பாற்றப்பட்டது.

யுத்தம் முடிந்ததும் கெண்டிக்கு வேலை போய்விட்டது. எனக்கும். துரை அதே தோட்டத்துக்குப் பெரிய துரையாகத் திரும்பினார். நான் அவரிடம் ஒரு பள்ளிக்கூடம் கேட்டேன். கல்வித் தொண்டு என்று பிற்பாடு மேடையில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். உள்ளது என்னவென்றால், மூன்று வருஷம் எழுதி எழுதி என் வலது கை தோள்பட்டை வரைக்கும் விண்ணென்று வலித்தது. இவர்களே எழுதிக்கொண்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும். துரை கொடுத்தது ஒட்டுப்பால், அதாவது மரத்தில் உறைந்த கழிவு ரப்பர், போட்டுவைத்த ஒரு கொட்டகை. அந்த நாற்றத்தில் அரிச்சுவடி படித்தவர்கள் தமிழே இப்படித்தான் நாறும் என்று நினைத்திருப்பார்கள். காலையில் பிள்ளைகள். மத்தியானம், வேலை முடிந்த பெரியவர்கள்.

பெரியவர்களில் முதல் ஆளாகப் பலகையைப் பிடித்தவள் அந்தப் பால்வெட்டுக்காரி. கத்தியைப் பிடிக்கிற மாதிரியே பென்சிலைப் பிடிப்பாள், ஒன்றரை வருஷத்தில் அரை டஜன் பென்சிலை உடைத்தாள். ஒருநாள் ஒரு காகிதத்தை என் முன்னால் நீட்டினாள். ஊரில் இருக்கிற அக்காவுக்கு, அவளே எழுதியது. "அக்கா நாங்க வரல. இங்கயே இருந்துருவோம். எனக்குன்னு வளக்குற ஆட்ட வித்துரு. நீ நல்லா இரு."

"இதை அனுப்பினா அக்கா அழுவாங்களே அம்மா."

"ஒரு தடவ அழுவா. வருசா வருசம் தை மாசம் வாசலப் பாத்துக்கிட்டு இருக்குறதுக்கு இது எவ்வளவோ மேல். எனக்கே எழுத வந்துருச்சு, இனிமே எதுக்குப் பொய்?"

ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை. உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் என் மனைவிக்கு எழுதினேன். செந்தமிழ் வரவில்லை. "நான் வர மாட்டேன். இதுவரை எழுதியது எல்லாம் பொய். அங்கே வந்தால் எனக்கு மரியாதை இல்லை என்று பயந்தேன். இங்கே ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். மனசிருந்தால் நீ புறப்பட்டு வா." முதல் தடவையாக நகல் எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. உறையைப் பார்த்ததுமே புதுக் கை என்று தெரிந்தது. பக்கத்துவீட்டுப் பெண்ணின் எழுத்து உருண்டையாக இருக்கும். இது இடது பக்கம் சாய்ந்து, கோடு தாண்டி, அழுத்தி எழுதியிருந்தது. அவளே எழுதியிருந்தாள். எப்போது கற்றுக்கொண்டாள், யார் கற்றுக்கொடுத்தார்கள், எனக்குத் தெரியாது. ஒரு தோட்டத்துக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனுக்குச் சொந்த மனைவிக்கு எழுத வரும் என்பது தெரியாது. உள்ளே நாலு வரி.

"உங்கள் கடிதம் கிடைத்தது. நான் இங்கு சுகம். வருகிற தை மாதம் கட்டாயம் புறப்பட்டு வருகிறேன். மற்றவை நேரில்."

அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்தக் காகிதம் ஜோகூர் பாருவில் ஏதோ ஓர் அலமாரியில் இன்றைக்கும் கிடக்கும். இருந்தாலும் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். நானா கடையில் புது அரிசிப்பானை வாங்கினேன். தை பிறந்ததும், நாகப்பட்டினத்துக் கப்பல் வருகிற நாளெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டு, கூலாயிலிருந்து ரயில் ஏறி, ஜோகூர் பாருவில் படகு மாறி, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் போய் நின்றேன். எந்தக் கப்பல் என்று அவள் எழுதவில்லை. தேதியும் எழுதவில்லை. இறங்குகிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கடைசி ஆள் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தேன். மாசி பிறந்துவிட்டது. அவள் வரவில்லை.

திரும்பி வந்தபோது நானா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் ஒரு தைதான் நின்றேன். அவள் ஒன்பது தை நின்றிருக்கிறாள்.